பழனி மலைப் புல்வெளிகளின் ஓர் ஆண்டு

மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கிழக்கு நோக்கிக் கிளை பிரிந்து நீளும் பழனி மலைத்தொடரின் வடக்கு அடிவாரத்தில், பழனிக்கும் ஒட்டன்சத்திரத்துக்கும் இடையே, ஆண்டின் பெரும்பகுதி காய்ந்து கிடக்கும் அரைவறட்சி நிலம் பரந்திருக்கிறது. அதே மலைத்தொடரின் உயர்ந்த பகுதியில், 2,553 மீட்டர் உயரமுள்ள வந்தரவு சிகரத்தை ஒட்டி, மேகமும் உறைபனியும் மாறி மாறித் தொடும் புல்வெளிகள் இருக்கின்றன. கொடைக்கானலில் ஆண்டுக்குச் சராசரியாக 1,600 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்ய, அடிவாரச் சமவெளிக்கு அதில் பாதிகூடக் கிடைப்பதில்லை. இவ்வளவு வேறுபட்ட இரு நிலங்களிலும் புல் ஒரே முறையில்தான் பிழைத்து வருகிறது: ஈரமுள்ள மாதங்களில் விரைந்து வளர்கிறது, வறண்ட மாதங்களில் மண்ணோடு ஒடுங்கிவிடுகிறது. வளர்ச்சியும் ஒடுக்கமும் மாறி மாறி வரும் இந்த ஆண்டுச் சுழற்சியை விளங்கிக்கொள்ளாமல், காய்ந்த காலத்துப் புல்வெளியைக் கண்டு அதை வெற்று நிலமென முடிவு கட்டியதன் விளைவுகளை இம்மலை இன்றளவும் சுமந்துகொண்டிருக்கிறது.

நிலமும் மழையும்

இம்மலைவாழ் மக்கள் தங்கள் நிலத்தை மேல்மலை, கீழ்மலை என இரண்டாகப் பிரித்தே பேசுகின்றனர். பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, கூக்கால் முதலிய ஊர்கள் மேல்மலையிலும், தாண்டிக்குடி, பண்ணைக்காடு போன்றவை கீழ்மலையிலும் அடங்கும். மேல்மலையின் இயற்கையான தோற்றம் காடும் புல்லும் கலந்தது. மலை மடிப்புகளிலும் நீரோடைகளின் ஓரங்களிலும் குட்டையான பசுமைமாறா மரங்கள் நெருங்கி வளர்ந்த சோலைக்காடுகள் நிற்க, அவற்றைச் சூழ்ந்த சரிவுகளையும் முகடுகளையும் புல் போர்த்தியிருக்கும். சோலைக்கும் புல்வெளிக்கும் இடையிலான எல்லை பல இடங்களில் சில அடிகளுக்குள் முடிந்துவிடும் அளவுக்குத் தெளிவானது.

ஆனைமலை, ஏலமலை ஆகியவற்றுக்குக் கிழக்கே அமைந்திருப்பதால், தென்மேற்குப் பருவக்காற்று தன் ஈரத்தின் பெரும்பகுதியை அம்மலைகளில் இறக்கிய பிறகே பழனி மலையை அடைகிறது. ஆகவே ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மாதங்களில் இங்கே கிடைப்பது பெரும்பாலும் சாரலும் மூடுபனியும் மிதமான மழையும்தான். ஆண்டின் மிகுமழை வடகிழக்குப் பருவத்தில், ஐப்பசி கார்த்திகை மாதங்களில் பெய்கிறது. இவ்விரண்டுக்கும் முன்னால் சித்திரை, வைகாசியில் இடியுடன் வரும் கோடை மழையையும் சேர்த்தால், மேல்மலைப் புல்லுக்கு ஏப்ரல் தொடங்கி டிசம்பர் வரை ஈரம் ஏதோவொரு வகையில் கிடைத்துவிடுகிறது. எஞ்சிய ஜனவரி, பிப்ரவரி, மார்ச் மாதங்களே அதன் சோதனைக் காலம். அடிவாரத்திலோ இந்தக் கணக்கு தலைகீழானது. அங்கே ஈரம் சில வாரங்களுக்கும் வறட்சி பல மாதங்களுக்கும் நீடிக்கிறது.

மண்ணை ஒட்டிய வளர்நுனி

புல்லின் பருவ வளர்ச்சியைப் புரிந்துகொள்ள அதன் உடலமைப்பிலிருந்து தொடங்க வேண்டும். மரங்களிலும் பெரும்பாலான செடிகளிலும் புதிய செல்களை உண்டாக்கும் வளர்நுனி கிளையின் உச்சியில் இருக்கிறது. அந்த உச்சியைக் கிள்ளினால் அக்கிளையின் நீட்சி நின்றுபோகும். புல்லில் அவ்வாறில்லை. அதன் வளர்நுனி, பூங்கதிர் எழும் காலம் வரை, மண்மட்டத்தை ஒட்டியோ அதற்குச் சற்றுக் கீழோ ஒடுங்கியிருக்க, ஒவ்வொரு இலையும் தன் அடிப்பகுதியில் அமைந்த வளர்திசுவால் கீழிருந்து மேலே தள்ளப்படுகிறது. மாடு கடித்தாலும், தீ பொசுக்கினாலும், பனி கருக்கினாலும் புல் இழப்பது ஏற்கெனவே வளர்ந்து முடிந்த நுனியைத்தான். வளரும் இடம் கீழே பத்திரமாக இருக்கிறது.

மேல்மலையில் க்ரைசோபோகான் இனப் புல்லின் ஒரு குத்தைக் கையால் விலக்கிப் பார்ப்பவருக்கு இந்தப் பாதுகாப்பின் அமைப்பு தெளிவாகும். வெளிச்சுற்றில் முந்தைய ஆண்டுகளின் காய்ந்த இலையுறைகள் அடுக்கடுக்காக, வெளிறிய பழுப்பு நிறத்தில் நெருங்கியிருக்கும். அவற்றை நீக்கினால் உள்ளே, விரல்நக அகலம்கூட இல்லாத வெண்ணிறத் தண்டடிகளும், அவற்றின் கணுக்களில் கூர்மையான சிறு மொட்டுகளும் தென்படும். ஒவ்வொரு மொட்டும் தனக்கென வேர்விட்டுத் தனித் தண்டாக எழும் ஆற்றல் உடையது. நெற்பயிரில் உழவர்கள் தூர் கட்டுதல் என்று சொல்வது இந்த நிகழ்வையே. ஒரு நெற்குத்து ஒரு போகத்துக்குள் தூர் கட்டி முடிந்துவிட, மலைப்புல்லின் குத்து பல ஆண்டுகளாகத் தூர் கட்டிக்கொண்டே இருக்கிறது. கீழே நார்போன்ற வேர்கள் நெருங்கிப் பின்னி, சரிவில் உள்ள மேல்மண்ணை இறுகப் பற்றியிருக்கின்றன. இவ்வேர்களில் ஒரு பகுதி ஆண்டுதோறும் மடிந்து மக்குவதால்தான் புல்வெளி மண் கறுத்து, பஞ்சுபோல நீரை உறிஞ்சும் தன்மை பெறுகிறது.

ஆண்டின் நான்கு கட்டங்கள்

முதல் கட்டம் கோடை மழையோடு தொடங்குகிறது. வறண்ட மாதங்களில் வேரிலும் தண்டடியிலும் சேமித்து வைக்கப்பட்ட மாவுப்பொருளும் சர்க்கரையும் மண் நனைந்ததும் கரைந்து மொட்டுகளுக்குச் செல்ல, இலையே இல்லாத குத்திலிருந்து சில நாட்களில் பசுந்தளிர் எழுகிறது. இந்த முதல் எழுச்சி முழுக்க முழுக்கச் சேமிப்பிலிருந்து செலவாவது என்பதால், இக்கட்டத்தில் குத்தின் உள்ளிருப்பு ஆண்டிலேயே மிகக் குறைந்த நிலைக்கு இறங்குகிறது. தளிர்கள் போதிய அளவு விரிந்து தாமே உணவு தயாரிக்கத் தொடங்கும்வரை மறுபடியும் மறுபடியும் கடிபட்டால் புல் நலிந்துவிடும். முதல் மழைக்குப் பின் சில வாரங்கள் மேய்ச்சலை நிறுத்திவைக்கும் மரபு உலகின் பல மேய்ச்சல் சமூகங்களில் இருப்பதற்கு இதுவே காரணம்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை இரண்டாம் கட்டம். மேகமூட்டத்தால் வெயில் குறைந்தும், சாரலால் ஈரம் நிலைத்தும் இருக்கும் இம்மாதங்களில் இலைகள் நீள்கின்றன, தூர்கள் பெருகுகின்றன, வேர்கள் ஆழமாகின்றன. புற்குத்துகளுக்கு இடையில் மண்ணுக்கடியில் கிழங்காக உறங்கிக் கிடந்த தரை ஆர்க்கிடுகளும் பிற சிறு பூஞ்செடிகளும் தலைகாட்டி, புல் தங்களை மூடும் உயரத்தை எட்டுவதற்குள் பூத்து முடிக்க விரைகின்றன. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சியும் இந்தப் புல்வெளிக்கு உரிய செடியே. 2006-லும் 2018-லும் அது பூத்தது இம்மழைக்காலத்தை ஒட்டித்தான்.

மூன்றாம் கட்டத்தில் புல்லின் போக்கு மாறுகிறது. இதுவரை இலைகளை மட்டுமே ஈன்ற வளர்நுனி பூங்கதிராக உருமாறி, கணுவிடைகள் நீண்டு, தண்டு உயர்கிறது. கதிர் வெளிவந்த பின் அந்தத் தண்டின் ஆயுள் முடிவை நோக்கிச் செல்ல, குத்து தன் பக்க மொட்டுகளால் தொடர்கிறது. பெரும்பாலான மலைப்புற்களில் மழைக்காலத்தின் பிற்பகுதியில் கதிர் பூத்து, வடகிழக்குப் பருவம் ஓயும் வேளையில் விதை முற்றுகிறது. மார்கழி நெருங்கும்போது சரிவுகள் பச்சையிலிருந்து செம்பொன் நிறத்துக்கு மாறுவதை வெறும் காய்தல் எனக் கொள்ளக் கூடாது. இலையிலுள்ள நைட்ரஜன் முதலிய சத்துகளில் கணிசமான பங்கைப் புல் வேரடிக்குத் திருப்பி எடுத்துக்கொண்ட பிறகே இலை மடிகிறது. காய்ந்த புல்லை மேயும் மாடு வயிறு நிறைந்தும் மெலிவதற்கு இந்தச் சத்து இடமாற்றமே முதன்மைக் காரணம்.

ஜனவரி முதல் மார்ச் வரையிலான நான்காம் கட்டம் ஒடுக்கத்துக்கு உரியது. மேகமற்ற இரவுகளில் தரை தன் வெப்பத்தைத் தடையின்றி வானுக்கு இழக்க, குளிர்ந்த கனமான காற்று பள்ளங்களில் தேங்குவதால், திறந்த புல்வெளியில் உறைபனி படிகிறது. அருகிலுள்ள சோலையின் உட்புறத்தில் மரக்கவிகை வெப்பத்தைத் தடுத்து நிறுத்துவதால் அங்கே உறைபனி அரிது. சோலை மரங்களின் விதைகள் பறவைகளால் புல்வெளிக்கு வந்து விழுந்தாலும், முளைக்கும் நாற்றுகளை இப்பனி கொன்றுவிடுகிறது. நீலகிரியில் நடத்தப்பட்டு 2020-இல் வெளியான ஓர் ஆய்வு, நாற்றுகளை இரு நிலங்களிலும் நட்டுப் பார்த்து இதை உறுதிசெய்தது. மாசி பங்குனியில் காய்ந்த புல்லில் தீ பற்றினால் அது இலைகளை விரைவாக எரித்துக் கடந்துவிடும். மண் சிறந்த வெப்பத்தடுப்பான் என்பதால் சில சென்டிமீட்டர் ஆழத்தில் வெப்பம் அதிகம் ஏறுவதில்லை. எரிந்த குத்துகள் கோடை மழைக்குப் பின் மீண்டும் துளிர்க்கின்றன.

வெயிலுக்கு ஏற்ற ஒளிச்சேர்க்கை

மேல்மலைச் சரிவுகளில் மிகுந்து காணப்படும் க்ரைசோபோகான், தெமெடா, அருண்டினெல்லா, யூலாலியா ஆகிய இனங்கள் நான்கு கார்பன் புற்கள் எனப்படும் பிரிவைச் சேர்ந்தவை. காற்றிலுள்ள கரியமில வாயுவைப் பிடித்து முதலில் நான்கு கார்பன் அணுக்கள் கொண்ட சேர்மமாக மாற்றுவதால் இப்பெயர். நெல், கோதுமை, மரங்கள் முதலிய பெரும்பான்மைத் தாவரங்களில் முதலில் உருவாகும் சேர்மம் மூன்று கார்பன் உடையது. அவற்றின் ஒளிச்சேர்க்கை நொதி வெப்பம் கூடும்போது கரியமில வாயுவுக்குப் பதிலாக ஆக்சிஜனையும் பற்றிக்கொண்டு உழைப்பை வீணாக்குகிறது. நான்கு கார்பன் புல்லோ கரியமில வாயுவை இலையின் உட்செல்களில் செறிவூட்டிக் கொடுப்பதால் இந்த வீணடிப்பைத் தவிர்க்கிறது. இலைத்துளைகளைக் குறைவாகத் திறந்தே போதிய வாயுவைப் பெற்றுவிடுவதால் நீரையும் மிச்சப்படுத்துகிறது. உலகத் தாவர இனங்களில் ஏறத்தாழ 3 விழுக்காடே இம்முறையைக் கையாண்டாலும், நிலத்தில் நடைபெறும் ஒளிச்சேர்க்கையில் சுமார் கால் பங்கு அவற்றால் நிகழ்கிறது. இதற்கு மாறாக, குளிரும் ஈரமும் மிகுந்த பள்ளங்களில் அக்ராஸ்டிஸ் போன்ற மூன்று கார்பன் புற்கள் இடம்பிடிக்கின்றன. ஒரே மலைச்சரிவில் சில மீட்டர் ஏற்ற இறக்கம்கூடப் புல்லின் வகையை மாற்றிவிடுகிறது.

இவ்விரு வகைத் தாவரங்களும் கார்பனின் இரு நிலையான ஐசோடோப்புகளை வெவ்வேறு விகிதத்தில் ஏற்பதால், மக்கிய பின்னும் அவற்றின் அடையாளம் மண்ணில் தங்குகிறது. இந்திய அறிவியல் கழகத்தின் இரா. சுகுமாரும் அவருடைய உடன் ஆய்வாளர்களும் நீலகிரியின் சதுப்புக் கரிமண்ணை அடுக்கடுக்காக ஆராய்ந்து 1993-இல் நேச்சர் இதழில் வெளியிட்ட முடிவுகள், ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முந்தைய பனியூழிக் காலத்திலேயே அந்த மலையுச்சிகளில் நான்கு கார்பன் புற்கள் செழித்திருந்ததைக் காட்டின. தட்பவெப்பம் ஈரமாகும்போது மூன்று கார்பன் தாவரங்களும் வறளும்போது நான்கு கார்பன் புற்களும் பெருகிச் சுருங்கியிருக்கின்றன. மனிதர் காட்டை அழித்ததால் உண்டான நிலமே மலைப்புல்வெளி என்ற பழைய கருத்துக்கு இந்தச் சான்று இடம் கொடுக்கவில்லை. நீலகிரியும் பழனியும் ஒரே வகைச் சோலைப் புல்வெளி அமைப்பைக் கொண்டவை என்பதால் இம்முடிவு இங்கும் முக்கியமானது.

விதையும் வறட்சியும்

கீழ்மலைச் சரிவுகளிலும் அடிவாரத்திலும் வறட்சி நீள்வதால், வேரடியில் ஒடுங்குவதோடு விதையையும் மண்ணுக்குள் பாதுகாப்பாகச் சேர்க்க வேண்டிய தேவை புல்லுக்கு ஏற்படுகிறது. வேட்டியிலும் சேலையிலும் ஆட்டின் மயிரிலும் குத்தி ஏறும் ஊசிப்புல் வகைகளுள் ஒன்றான ஹெட்டிரோபோகான் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. அதன் விதையின் ஒரு முனை ஊசியாகக் கூர்ந்து, பின்னோக்கிச் சாய்ந்த மயிர்களால் சூழப்பட்டிருக்கிறது. மறுமுனையிலிருந்து சில சென்டிமீட்டர் நீளமுள்ள கரும்பழுப்புக் கூர் ஒன்று நீள்கிறது. அக்கூரின் கீழ்ப்பகுதி கயிறுபோல முறுக்குண்டு, நடுவில் மடிந்திருக்கும். இரவில் பனி பட்டு நனையும்போது முறுக்கு அவிழ்கிறது, பகலில் வெயிலில் காயும்போது மறுபடி இறுகுகிறது. மேல்பாதி ஒரு புல்லிலோ கல்லிலோ முட்டி நிற்க, சுழற்சி முழுவதும் விதைக்குக் கடத்தப்பட்டு, கூர்முனை மண்ணைத் துளைக்கிறது. பின்னோக்கிய மயிர்கள் அது வெளியேறாமல் தடுக்கின்றன. உயிரற்ற இழை ஒன்று, நாளின் ஈர மாற்றத்தை மட்டும் ஆற்றலாகக் கொண்டு, அடுத்த தலைமுறையைத் தீ எட்டாத ஆழத்தில் நட்டுவைக்கிறது.

வறட்சிக்கு இதைவிடத் துணிச்சலான விடையும் புல்லினத்தில் உண்டு. தென்னிந்தியாவின் வறண்ட மண்ணிலும் பாறை இடுக்குகளிலும் சில அங்குல உயரத்துக்கு வளரும் ஒரோபீட்டியம் தொமேயம் என்ற சிறு புல், தன் இலைகளின் நீர் அனேகமாக முழுவதும் வற்றிய நிலையிலும் சாவதில்லை. மழை பெய்ததும் அதே இலைகள் மறுபடி பசுமை பெறுகின்றன. இத்தகையவை உயிர்த்தெழும் தாவரங்கள் எனப்படுகின்றன. புற்களில் மிகச் சிறிய மரபணுத்தொகுதிகளுள் ஒன்றைக் கொண்ட இதன் மரபணு வரிசை 2015-இல் வெளியிடப்பட்டது. வறட்சியைத் தாங்கும் தானியப் பயிர்களை உருவாக்க விழையும் அறிவியலாளர்களின் கவனம் இப்புல்லின்மேல் குவிந்திருக்கிறது. சமவெளியின் மேய்ச்சல் நிலங்களில் முதலிடம் பெறும் கொழுக்கட்டைப்புல்லோ, பருத்த தண்டடியில் உணவைச் சேமித்து, ஒரு நல்ல மழைக்கே தழைத்துவிடும் திறனால் கால்நடை வளர்ப்போரின் நம்பிக்கையைப் பெற்றிருக்கிறது.

மேய்ச்சலும் புல்லும்

கடிபடுவது புல்லுக்குப் புதிதன்று. வரையாடும் காட்டுமாடும் கடமானும் மேய்ந்த நிலத்திலேயே இப்புற்கள் பரிணமித்தன. அளவோடு கடிபடும்போது பழைய இலைகள் நீங்கி, ஒளி அடித்தூர்களை எட்டி, புதிய மொட்டுகள் விழித்தெழுகின்றன. மத்தியச் செம்மறியாடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிறுவனம் தன் தென்மண்டல ஆய்வு மையத்தை மன்னவனூரில் அமைத்திருப்பது மேல்மலைப் புல்லின் தீவன மதிப்புக்குச் சான்று. எனினும் இடைவிடாத மேய்ச்சல் சேமிப்பைத் தீர்த்துவிடும். அத்தகைய இடங்களில் குத்துப்புற்கள் மறைந்து, தரையோடு படரும் ஆப்பிரிக்கக் கிக்குயு புல்லும், கால்நடைகள் தொடாத பெரணிகளும் பரவுகின்றன. பார்வைக்குப் பச்சையாக இருந்தாலும் அது பழைய புல்வெளி அன்று.

விலகாத நிழல்

வறட்சி, உறைபனி, தீ, மேய்ச்சல் ஆகிய நான்குக்கும் ஒரு பொதுத்தன்மை உண்டு: அவை வருகின்றன, பிறகு விலகுகின்றன. விலகும் இடைவெளியில் புல் தன்னை மீட்டுக்கொள்கிறது. நிழல் அப்படிப்பட்டதன்று. ஒரு மரம் கவிந்துவிட்டால் ஆண்டின் எந்தக் கட்டத்திலும் ஒளி திரும்புவதில்லை. நான்கு கார்பன் ஒளிச்சேர்க்கைக்குத் தேவையான வெயில் இன்றிச் சேமிப்பு நிரப்பப்படாமல் போக, அடுத்தடுத்த கோடை மழைகளில் எழும் தளிர்கள் மெலிந்து, இறுதியில் குத்து அழுகிவிடுகிறது.

பழனி மலையில் நடந்தது இதுதான். வருவாய்க் கண்ணோட்டத்தில் தரிசாகத் தோன்றிய புல்வெளிகளில், தோல் பதனிடும் பட்டைக்காகச் சீகை மரமும், தைலத்துக்கும் காகிதக் கூழுக்கும் விறகுக்கும் யூகலிப்டஸும், மரக்கூழுக்குப் பைனும் நடப்பட்டன. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இப்பணி பேரளவில் நடந்தது. உறைபனியைத் தாங்கும் ஆஸ்திரேலியச் சீகைக்கு, சோலை நாற்றுகளைத் தடுத்துவந்த இயற்கை வேலி ஒரு தடையாகவே இல்லை. அதன் விதைகள் மண்ணில் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடந்து, நடப்படாத சரிவுகளிலும் தாமாகவே பரவின. செயற்கைக்கோள் படங்களையும் கள ஆய்வையும் இணைத்து 2018-இல் வெளியான ஆய்வொன்று, நாற்பது ஆண்டுகளில் பழனி மலையின் இயற்கைப் புல்வெளியில் 66 விழுக்காடும் சோலைக்காட்டில் 31 விழுக்காடும் அழிந்துவிட்டதாகக் கணக்கிட்டது. மலையின் முதன்மை நிலப்போர்வையாக இருந்த புல்வெளி, துண்டு துண்டாகச் சிதறிய அரிய நிலமாகச் சுருங்கிவிட்டது.

இந்த இழப்பு மலையோடு முடிவதில்லை. தெற்கே மஞ்சளாறு வழியாக வைகைக்கும், வடக்கே பாலாறு, பொருந்தலாறு, வரதமாநதி முதலிய ஓடைகள் வழியாக அமராவதிக்கும் நீர் தருவது இம்மலையே. வறண்ட மாதங்களில் இலையைக் காயவிட்டு நீர்ச்செலவைக் குறைத்துக்கொள்ளும் புல்லின் இடத்தில், ஆண்டு முழுவதும் வளர்ந்து ஆழத்து ஈரத்தையும் இழுக்கும் அயல் மரங்கள் நிற்கும்போது, கோடைக்கால ஓடைக்கு எஞ்சும் நீர் குறைகிறது. அடிவாரத்து உழவருக்கு மலைப்புல்லின் ஒடுக்கக் காலமே நீர்ச் சேமிப்புக் காலம்.

மீட்பதற்கான வழி

2013-இல் அறிவிக்கப்பட்ட கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம் சுமார் 600 சதுர கிலோமீட்டருக்குச் சட்டப் பாதுகாப்பு அளிக்கிறது. அயல் மரங்களை அகற்றும் பணிகளும் தொடங்கியுள்ளன. ஆனால் சீகையை வெட்டிய இடத்தில் ஒளி பட்டதும் முதலில் முளைப்பது, மண்ணில் காத்திருக்கும் சீகை விதைகள்தான். அவற்றை ஆண்டுதோறும் பிடுங்காமல் புல் திரும்பாது. நெடுநாள் நிழலில் கிடந்த மண்ணில் புல் விதை பெரும்பாலும் இருப்பதில்லை என்பதால், அருகிலுள்ள நல்ல குத்துகளிலிருந்து தூர்களைப் பிரித்து, நாற்றங்காலில் பெருக்கி, கோடை மழையை ஒட்டி நட வேண்டியிருக்கிறது. நீலகிரியில் இம்முறை கையாளப்படுகிறது. மறுபுறம், முதிர்ந்த தோட்டங்களின் நிழலில் சோலை மரங்கள் தாமாகவே முளைத்திருக்கும் இடங்களில் முழுவதும் வெட்டித் தள்ளுவது, வளர்ந்துவரும் சோலையையும் அழித்துவிடும். எந்த இடம் சோலைக்கு உரியது, எந்த இடம் புல்லுக்கு உரியது என்பதைச் சரிவும் பனியும் மண்ணும் பார்த்து முடிவு செய்வதே முறை.

எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டியது, எஞ்சியிருக்கும் புல்வெளியில் இனி ஒரு மரத்தையும் நடாமல் இருப்பது. மரம் நடுவது எங்கும் எப்போதும் நன்மை என்ற எண்ணம் நல்ல நோக்கத்தோடு பள்ளி விழாக்களிலும் அரசுத் திட்டங்களிலும் வேரூன்றியிருக்கிறது. மலைப்புல்வெளியைப் பொறுத்தவரை அது கேடு. ஐக்கிய நாடுகள் சபை 2026-ஐ மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ச்சல் மக்களுக்குமான பன்னாட்டு ஆண்டாக அறிவித்திருப்பது, உலகம் இந்தத் தவற்றை உணரத் தொடங்கியதன் அடையாளம். மேல்மலைக்குச் செல்லும் ஒவ்வொருவரும் மாசி மாதத்துக் காய்ந்த சரிவைச் செத்த நிலமாகக் கருதாமல், அடுத்த மழைக்கான முழு முதலீட்டையும் வேரடியில் வைத்திருக்கும் உயிருள்ள நிலமாக அறிந்துகொள்ள வேண்டும். அந்த அறிவு பரவினால் எஞ்சிய மூன்றில் ஒரு பங்கு பிழைக்கும். பரவாவிட்டால் 20,000 ஆண்டுகள் தாங்கிய புல்வெளி ஓரிரு தலைமுறைக்குள் முடிந்துபோகும்.